புகையைக் கொடுத்துக் கடல் வாயு வாங்கலாமா? கணக்கைக் காட்டுங்கள்!

சின்னக் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற எந்தத் தோழரிடமும் ஒரு கிலோ கச்சாப் பட்டைக் காட்டி, "இதில் தறிக்கு எவ்வளவு தேறும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கிலோ என்று அவர் சொல்லமாட்டார். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் இழையின் மேலுள்ள கோந்து கரைந்து போகும். முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நின்றால் அதுவே நல்ல பட்டு. கொதிக்க வைக்க விறகு வேண்டும், தண்ணீர் வேண்டும், சாயக்காரருக்குக் கூலி வேண்டும். கொடுத்த எடை வேறு, கைக்கு வந்த எடை வேறு. இந்தச் சாதாரண உண்மை தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குத் தெரியும். தேசத்தின் எரிபொருளைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற கனவான்களுக்கு மட்டும் தெரிவதில்லை!

அவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? வங்கக் கடலுக்கு அடியில் வற்றாத வாயுப் புதையல் இருக்கிறதாம். நிலக்கரி மின்சார நிலையத்தின் புகைபோக்கியில் வீணாகப் போகிற புகையைக் குழாய் வழியே கடலடிக்குச் செலுத்தினால் போதுமாம். புகையில் உள்ள கரியமில வாயு உள்ளே தங்கிவிடும், மீத்தேன் வாயு வெளியே வந்துவிடும். காற்றும் சுத்தம், அடுப்பும் எரியும், மின்சாரமும் கொட்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

மாங்காய் விழுமா விழாதா என்பதைப் பிறகு பார்ப்போம். கல்லை எறிய எவ்வளவு பலம் செலவாகும், அந்தப் பலத்துக்குச் சோறு போடுவது யார் என்பதுதான் நமது கேள்வி.

பனிக்கட்டிக்குள் நெருப்பு

"தோழர், அப்படியானால் கடலுக்கடியில் வாயு இருப்பதே பொய்யா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பொய்யல்ல. அது உண்மை. அதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். ஏனெனில் உண்மையான பொருளை வைத்துத்தான் பெரிய மோசடிகள் நடக்கின்றன. வெள்ளி சுற்றாத ஜரிகையை யாரும் இரும்பு என்று சொல்லி விற்பதில்லை, அசல் ஜரிகை என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

குளிரும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் தண்ணீரின் அணுத்திரள்கள் கூண்டு போல் கைகோத்து நிற்கும். அந்தக் கூண்டுக்குள் மீத்தேன் வாயு சிறைப்பட்டால், பார்ப்பதற்குப் பனிக்கட்டி போன்ற ஒரு பொருள் உண்டாகிறது. இதற்கு வாயு ஹைட்ரேட் என்று பெயர். தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டி எரியும்! இதில் ஒரு கன மீட்டரை உருக்கினால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளிவரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி குளோரின் வாயுவைக் கொண்டு இத்தகைய கட்டியைக் கண்டார். 1934இல் அமெரிக்காவில் வாயுக் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது வெறும் பனியல்ல, ஹைட்ரேட்தான் என்று ஹாமர்ஷ்மிட் என்பவர் நிரூபித்தார். ஆனால் இது குழாய்க்குள் தோன்றும் தொல்லை மட்டுமல்ல, பூமிக்குள்ளேயே இயற்கையாகப் படிந்து கிடக்கிறது என்று 1960களில் எடுத்துக் காட்டியவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். சைபீரியாவின் மெசோயாகா வாயு வயல் அதற்குச் சான்றாயிற்று.

நம் நாட்டில் 1997இல் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டம் துவங்கியது. 2006இல் ஒரு கப்பலும், 2015இல் ஜப்பானின் 'சிக்யூ' என்ற கப்பலும் நம் கடல்களில் துளையிட்டுப் பார்த்தன. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில், சுமார் 1,000 மீட்டர் தண்ணீருக்கு அடியில், ஓரிடத்தில் 128 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட் படிந்திருப்பது 2006இல் தெரியவந்தது. உலக விஞ்ஞானிகள் பாராட்டிய கண்டுபிடிப்பு அது. அதற்குப் பணம் போட்டது நம் பொதுத்துறை எண்ணெய் ஸ்தாபனங்கள். அதாவது ஜனங்களின் பணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியக் கடல்களில் மொத்தம் 1,894 லட்சம் கோடி கன மீட்டர் வாயு இவ்வாறு இருக்கக்கூடும் என்று ஒரு மதிப்பீடு உலவுகிறது. இருக்கக்கூடும் என்பதுதான் அதன் பொருள். எடுக்க முடியும் என்பதல்ல, லாபமாக எடுக்க முடியும் என்பது நிச்சயமாக அல்ல. ஆனால் மேடைப் பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. கடல் தண்ணீரில் தங்கமும் கரைந்துதான் இருக்கிறது. அதைக் காட்டி யாராவது ஜரிகைக்குத் தங்கம் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுப்பீர்களா?

புகைத் தத்துவம் எங்கிருந்து வந்தது?

சிறைப்பட்ட மீத்தேனை வெளியே கொண்டுவரப் பல வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. அழுத்தத்தைக் குறைப்பது ஒன்று. வெந்நீர் செலுத்துவது ஒன்று. மூன்றாவது வழிதான் ஆள் மாற்றம். கரியமில வாயுவைச் செலுத்தினால் அது கூண்டுக்குள் புகுந்துகொண்டு மீத்தேனை வெளியே தள்ளும்.

2006இல் தென் கொரிய விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். கரியமில வாயுவை மட்டும் செலுத்தினால் 64 சதவீத மீத்தேன்தான் வெளிவருகிறது. அதனுடன் நைட்ரஜனையும் கலந்து, கரியமில வாயு ஐந்தில் ஒரு பங்கும் நைட்ரஜன் ஐந்தில் நாலு பங்குமாகச் செலுத்தினால் 85 சதவீதம் வெளிவருகிறது. சிறிய கூண்டுகளில் நைட்ரஜன் நுழைகிறது, பெரிய கூண்டுகளில் கரியமில வாயு நுழைகிறது.

நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்த கலவை என்றால் அது என்ன? மின்சார நிலையத்துப் புகைதான்! புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் ரசாயனத்தால் பிரித்தெடுப்பது செலவு பிடித்த வேலை. நிலையத்தின் உற்பத்தியில் நாலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடக்கூடும். பிரிக்காமல் புகையை அப்படியே செலுத்தினால் அந்தச் செலவு மிச்சம் என்று நிபுணர்கள் கருதினார்கள். 2018இல் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக் கழகத்து விஞ்ஞானிகள் இதைப் பற்றி விரிவான சோதனைகளை வெளியிட்டார்கள். அறிவுள்ள யோசனை. அதை நாம் மதிக்கிறோம். விஞ்ஞானி தன் கூடத்தில் சொன்னது "இன்ன உஷ்ணத்தில், இன்ன அழுத்தத்தில் இவ்வாறு நடக்கிறது" என்பதுதான். "நாளைக்கே மின்சாரம் கொட்டும்" என்று அவர் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

பிரசாரகர்கள் ஒரே ஒரு கணக்கைக் காட்டுவார்கள். மீத்தேன் கூண்டை உடைக்க ஆகும் உஷ்ணம், அந்த மீத்தேனை எரித்தால் வரும் உஷ்ணத்தில் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான். கரியமில வாயு கூண்டுக்குள் புகும்போது அந்த உஷ்ணமும் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே செலவே இல்லை என்பார்கள். இது உண்மை. ஆனால் பாதி உண்மை. மறைத்து வைத்த மற்றப் பாதியை நாம் எடுத்துப் போடுவோம்.

புகை கடலடிக்குத் தானாக நடந்து போகாது. 1,000 மீட்டர் தண்ணீருக்கு அடியில் அழுத்தம் நம் காற்று மண்டலத்தைப்போல் நூறு மடங்கு. ஆகவே புகையையும் நூறு மடங்கு அழுத்தியாக வேண்டும்.

நிலக்கரி நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்தால் சுமார் மூன்றரை கன மீட்டர் புகை வருகிறது. இது ஈரம் போக, காய்ந்த புகை. இதில் கரியமில வாயு ஏழில் ஒரு பங்கு, அதாவது அரை கன மீட்டர். மீதியெல்லாம் பெரும்பாலும் நைட்ரஜன், கொஞ்சம் பிராணவாயு. ஒரு கன மீட்டர் வாயுவை நூறு மடங்கு அழுத்த, சேதாரமே இல்லாத கற்பனை யந்திரத்துக்குக்கூட 0.14 யூனிட் மின்சாரம் வேண்டும். இது பௌதிக சாஸ்திரத்தின் விதி. எந்த மந்திரியின் கையெழுத்தும் இதை மாற்றாது. மூன்றரை கன மீட்டருக்கு என்ன ஆயிற்று? சுமார் அரை யூனிட்! உலகத்தில் உள்ள நிஜ யந்திரங்களைக் கொண்டு செய்தால் அரை யூனிட் போதாது. முக்கால் பங்கு திறமையுள்ள யந்திரம் என்று வைத்துக்கொண்டால் 0.6 யூனிட்டைத் தாண்டும்.

தோழர்களே, இதன் அர்த்தம் என்ன? ஒரு மின்சார நிலையம் தன் புகை முழுவதையும் கடலடிக்கு அனுப்ப வேண்டுமானால், அது உற்பத்தி செய்கிற மின்சாரத்தில் ஐந்தில் மூன்று பங்கை அதற்கே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கும் ஆலைக்கும் மிஞ்சுவது ஐந்தில் இரண்டு பங்கு. நைட்ரஜன் எதற்கு அழுத்தப்படுகிறது? பெரும்பகுதி திரும்பி வருவதற்காக! பிரிக்கிற செலவை மிச்சப்படுத்தப் போய், ஏழு மூட்டையில் ஆறு மூட்டைப் பதரையும் சேர்த்துச் சுமக்கிற கதை இது.

சரி, வரவைப் பார்ப்போம். நாம் நேர்மையாகவே கணக்குப் பார்க்கிறோம். அரை கன மீட்டர் கரியமில வாயு ஒன்றுக்கு ஒன்றாக அரை கன மீட்டர் மீத்தேனை வெளியேற்றியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் மீத்தேனை எரித்தால் சுமார் 10 யூனிட் உஷ்ணம். நல்ல வாயு நிலையத்தில் அதில் பாதி மின்சாரமாகும். ஆக, அரை கன மீட்டருக்கு இரண்டரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். 0.6 கொடுத்து 2.5 வாங்குகிறோம். காகிதத்தில் இது லாபம்தான்!

ஆனால் இது கோந்து போக்காத கச்சாப் பட்டின் எடை. இனிக் கொதிக்க வைப்போம்.

செலுத்திய கரியமில வாயு எல்லாம் கூண்டுக்குள் போகாது. ஒவ்வொரு ஹைட்ரேட் துகளின் மேலும் புதிய கட்டி தோல் போல் படிந்து, உள்ளே இருக்கும் மீத்தேனுக்கு வழி அடைத்துவிடுகிறது. ஆகவே மாற்றம் வரவர மெதுவாகிறது. வெளியே வருவது சுத்தமான மீத்தேன் அல்ல, நைட்ரஜன் கலந்த வாயு. அதைப் பிரித்தால்தான் எரிக்க முடியும். பிரிக்க மறுபடியும் சக்தி வேண்டும். மணலும் தண்ணீரும் கூடவே வரும். கிணறு தோண்ட, கப்பல் நிறுத்த, பல நூறு கிலோமீட்டர் குழாய் போட இரும்பும் எண்ணெயும் வேண்டும். மேலே சொன்ன 2.5 யூனிட்டில் நாலில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது என்றால் வரவும் 0.6, செலவும் 0.6. தோண்டியதும் துரத்தியதும் வீண்!

நைட்ரஜனும் கூண்டைக் குலைத்துக் கொஞ்சம் மீத்தேனை அதிகப்படியாக வெளியேற்றும் என்பார்கள். உண்மை. திரும்பி வரும் நைட்ரஜனின் அழுத்தத்தைக் கொண்டு ஒரு டர்பைனை ஓட்டிக் கொஞ்சம் மின்சாரத்தை மீட்கலாம் என்பார்கள். அதுவும் உண்மை. வரவில் சேர்த்துக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எவ்வளவு? கடலில் அளந்து பார்த்துச் சொல்லட்டும். முழுக் கணக்கு வரும் வரை இதை மின்சாரத் திட்டம் என்று அழைப்பது ஜனங்களை ஏமாற்றுவதாகும்.

பன்னிரண்டு விநாடிப் புகை

"அலாஸ்காவில் செய்து காட்டிவிட்டார்களே!" என்று பதில் சொல்லுவார்கள். என்ன செய்து காட்டினார்கள்?

2012இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில், 'இக்னிக் சிகுமி' என்ற கிணற்றில், கொனகோபிலிப்ஸ் கம்பெனியும் அமெரிக்க எரிசக்தி இலாகாவும் ஜப்பானின் பொதுத்துறை எண்ணெய் ஸ்தாபனமும் சேர்ந்து சோதனை நடத்தினார்கள். செலுத்தியது 77 சதவீதம் நைட்ரஜன், 23 சதவீதம் கரியமில வாயு. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் பிடித்த புகையல்ல, அளவு பார்த்துக் கலந்த சுத்தமான வாயுக்கள். கடலடியும் அல்ல, உறைந்த தரைக்கு அடியில். செலுத்திய அளவு சுமார் 6,000 கன மீட்டர். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று. உள்ளே போன கரியமில வாயுவில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை, மீத்தேனும் வந்தது. ஆனால் அந்த மீத்தேனை வெளியே கொண்டுவர அழுத்தத்தையும் குறைக்க வேண்டியிருந்தது. விஞ்ஞானத்துக்கு நல்ல வெற்றி.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் போடுங்கள். சென்னைக்கு வடக்கே வல்லூரில், மத்திய சர்க்காரின் என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாகக் கட்டிய நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று உண்டு. அதில் ஒரே ஒரு யூனிட் முழுத் திறனில் ஓடினால் மணிக்கு 17 லட்சம் கன மீட்டர் புகை விடும். அலாஸ்காவில் இரண்டு வாரம் பாடுபட்டுச் செலுத்திய 6,000 கன மீட்டர் என்பது இங்கே பன்னிரண்டு விநாடிப் புகை!

ஊடையை ஒரு தடவை இழுத்துக் காட்டிவிட்டு ஆறு கஜம் சேலை நெய்தாயிற்று என்று சொன்னால் எந்தக் கூட்டுறவுச் சங்கமாவது கூலி கொடுக்குமா?

புகையில்லாத வழியிலும் நிலைமை இதுதான். 2013இல் ஜப்பான் தன் நான்காய்க் கடற்பகுதியில் அழுத்தத்தைக் குறைத்து வாயு எடுத்தது. ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் வந்தது. பிறகு மணல் அடைத்து வேலை நின்றது. 2020இல் சீனா தென் சீனக் கடலில் 30 நாளில் 8,61,400 கன மீட்டர் எடுத்தது. உலகத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. இந்த வாயு முழுவதையும் எரித்து மின்சாரமாக்கினால், வல்லூர் நிலையம் முழுத் திறனில் மூன்று மணி நேரம் ஓடித் தரும் மின்சாரத்துக்குச் சமம். சோஷலிசத்தைக் கட்டுவதாகச் சொல்லுகிற நாடாயிருந்தாலும் சரி, முதலாளித்துவ நாடாயிருந்தாலும் சரி, இயற்கையின் விதி ஒன்றேதான். நம் கனவான்களுக்கு மட்டும் அது விலக்குக் கொடுத்துவிடுமா?

கந்தகத்தைப் பிடிக்காதவர்கள் புகையைப் பிடிப்பார்களாம்!

புகையில் கந்தக வாயு உண்டு. சுவாசித்தால் நெஞ்சைக் கெடுக்கும், தண்ணீரில் கலந்தால் அமிலமாகும். அதை வடிகட்ட யந்திரம் உலகத்தில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. இரண்டு வருஷத்தில் எல்லா நிலக்கரி நிலையங்களும் கந்தகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. என்ன நடந்தது? 2017 கெடு 2022 ஆயிற்று. பிறகு மறுபடியும் தள்ளிப் போயிற்று. மறுபடியும் தள்ளிப் போயிற்று. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டிலுள்ள நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சாதனமே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். செலவு அதிகமாம்!

புகைபோக்கியின் அடியில், தரையில், கைக்கெட்டும் இடத்தில் கந்தகத்தைப் பிடிக்கச் செலவு அதிகம். ஆனால் அதே புகையைச் சுத்தம் செய்து, நூறு மடங்கு அழுத்தி, நடுக்கடலுக்குக் கொண்டுபோய், 1,000 மீட்டர் ஆழத்தில் இறக்குவதற்குச் செலவு கட்டுபடியாகும்! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் வாசலிலேயே வளர்ந்தவர்கள் நாம். வைகுண்டம் காட்டுகிறவர்களை நமக்குத் தெரியாதா!

எண்ணூர்ப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். மின்சார நிலையங்களின் சாம்பல் குழாய்கள் கசிந்தும் உடைந்தும் கொசஸ்தலையாற்றில் கொட்டிய சாம்பல் அங்கே படிந்து கிடக்கிறது. மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் ஆற்றை இழந்து தவிக்கின்றன. சாம்பலை அள்ளத் திராணியில்லாதவர்களிடம் கடலின் அடித்தளத்தை ஒப்படைக்க வேண்டுமா?

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால், காற்றில் கலந்த மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் சுமார் எண்பது மடங்கு கொடியது. கடலடியில் கூண்டுகளைக் குலைக்கும்போது வாயு வேறு வழியாகக் கசிந்தால், புகையைப் புதைத்த புண்ணியமெல்லாம் போய்விடும்.

யார் கடல்? யார் பணம்?

இவ்வளவு தெளிவான கணக்கிருந்தும் ஏன் இந்த மோகம் கிளப்பப்படுகிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதல் காரணம், நிலக்கரி முதலாளிகளுக்கு ஒரு சாக்கு வேண்டும். "புகையை நாளைக்குப் புதைக்கப் போகிறோம்" என்று சொல்லிக்கொண்டே இன்றைக்குப் புதிய புகைபோக்கிகளைக் கட்டலாம். நாளை வராது, புகை மட்டும் வரும்.

இரண்டாவது காரணம், கடலுக்கு உரிமம். 2016இல் மத்திய மந்திரிசபை ஏற்றுக்கொண்ட எண்ணெய் உரிமக் கொள்கைப்படி, ஒரே உரிமத்தில் எண்ணெய், வாயு, ஹைட்ரேட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். விலையையும் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். ஆழ்கடலில் முதல் ஏழு வருஷத்துக்கு ராயல்டி கிடையாது. அதற்குப் பிறகும் ஆழத்துக்கு ஏற்ப ஐந்து சதமோ இரண்டு சதமோதான். 2018 ஆகஸ்டில், ஏற்கெனவே வயல் பெற்றவர்களும் அங்கே ஹைட்ரேட்டைத் தேடலாம் என்று அனுமதி கிடைத்தது. ஹைட்ரேட் இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் அதன் லாபம் யாருக்கு என்பது எழுதி முத்திரை போட்டாயிற்று! ஜனங்கள் பணத்தில் 2006லும் 2015லும் தேடிக் கண்டுபிடித்த சொத்து இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதே கிருஷ்ணா–கோதாவரிக் கடலில் முன்பு நடந்தது என்ன? அங்கே ரிலையன்ஸ் கம்பெனியின் வயலிலிருந்து 2009இல் வாயு வரத் தொடங்கியது. ஹைட்ரேட் அல்ல, சாதாரணமான, எடுக்கத் தெரிந்த வாயு. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்றார்கள். 2010இல் சுமார் 6 கோடியைத் தொட்டது. பிறகு சரிந்தது. முக்கியமான இரண்டு வயல்கள் 2020 பிப்ரவரியில் அடியோடு நின்றன. 2004இல் பொதுத்துறை என்.டி.பி.சி.க்கு 2.34 டாலருக்குத் தருவதாக டெண்டரில் ஏற்ற வாயுவின் விலை, 2007இல் சர்க்கார் சம்மதத்துடன் 4.20 டாலர் ஆயிற்று. 2013இல் அதையும் இரட்டிப்பாக்க முயன்றபோது, கம்யூனிஸ்ட் எம்.பி. குருதாஸ் தாஸ்குப்தா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பக்கத்து வயலான ஓ.என்.ஜி.சி.யின் வாயு ரிலையன்ஸ் கிணறுகளுக்குள் ஓடியது பற்றி 2014இல் தொடங்கிய வழக்கு, 2018இல் நடுவர் மன்றத்தில் கம்பெனிக்குச் சாதகமாகவும், 2025 பிப்ரவரியில் டில்லி ஹைகோர்ட்டில் அதற்குப் பாதகமாகவும் தீர்ப்பாயிற்று.

அந்த வாயு வரும் என்று நம்பி நாடெங்கும் மின்சார நிலையங்கள் கட்டினார்கள். 2015இல் சர்க்கார் கொடுத்த கணக்குப்படி, 14,305 மெகாவாட் திறனுள்ள வாயு நிலையங்கள் உள்நாட்டு வாயு கிடைக்காமல் சும்மா நின்றன. அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளில் இருந்தது யார் பணம்? நம் பணம். கனவு கண்டவர்கள் கம்பெனிகள், நஷ்டம் சுமந்தவர்கள் ஜனங்கள். எடுக்கத் தெரிந்த வாயுவிலேயே இந்தக் கதி என்றால், எடுக்கத் தெரியாத வாயுவில் என்ன கதியாகும்?

விஞ்ஞானத்துக்கு விரோதிகளா நாம்?

இல்லவே இல்லை. கடலடி ஹைட்ரேட்டைப் பற்றி நம் விஞ்ஞானிகள் ஆராய வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடிய, மேலிருந்தே இயக்கும் கடலடி வாகனத்தை உருவாக்கியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கரியமில வாயுவைக் கடலடியில் ஹைட்ரேட்டாக்கிச் சேமிப்பது பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. இவர்களுக்குப் பணம் கொடுங்கள், கருவி கொடுங்கள், அவசரப்படுத்தாமல் வேலை செய்ய விடுங்கள் என்கிறோம். அவர்கள் கண்டதை மறைக்காமல் வெளியிடவும் விடுங்கள். சாதகமான முடிவை மட்டுமல்ல, பாதகமான முடிவையும்.

நாம் எதிர்ப்பது ஆராய்ச்சியை அல்ல. ஆராய்ச்சி முடிவதற்குள் அதைக் கம்பெனிப் பங்கு விலையாக மாற்றுகிற பித்தலாட்டத்தை எதிர்க்கிறோம்.

இது எங்கோ ஆந்திரக் கடலில் நடக்கிற விவகாரம், தறிக்காரனுக்கு என்ன என்று எண்ணிவிடக் கூடாது. மின்சார நிலையம் தன் உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்கைத் தானே தின்றால், மிஞ்சிய மின்சாரத்தின் தலையில்தான் எல்லாச் செலவும் விழும். யூனிட் விலை இரண்டு மடங்கைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் மின்கட்டணம் உயர்ந்தது எல்லோருக்கும் தெரியும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்பது 2023இல் கிடைத்த சலுகை. மின்வாரியத்தின் கஜானா காலியானால் முதலில் கத்தி விழுவது இத்தகைய சலுகைகள் மேல்தான். தறி வீட்டு விளக்கும், ஊடை நூல் சுற்றும் மோட்டாரும், சாயப் பட்டறையின் தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

காற்றாலைகளில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய மாநிலம் இது. ஆடிக் காற்றில் கிடைக்கிற மின்சாரத்தை முழுதும் வாங்கிச் சேமிக்க வழி செய்தால், புகை அழுத்துகிற யந்திரத்தைவிட அது எத்தனையோ மேல். அதற்குக் கடலைக் குடைய வேண்டாம். புகையே வராது, புதைக்கவும் வேண்டாம்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: புகையைச் செலுத்தி ஹைட்ரேட் வாயு எடுக்கும் எந்தத் திட்டமானாலும், அழுத்துதல், சுத்தம் செய்தல், பிரித்தல், குழாய், கிணறு எல்லாவற்றுக்கும் ஆகும் சக்தியைக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்ற நிகரக் கணக்கை முதலில் ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

இரண்டு: ஹைட்ரேட் ஆராய்ச்சி பொதுத்துறையிலேயே நடக்க வேண்டும். பொது எண்ணெய் உரிமத்திலிருந்து ஹைட்ரேட்டை உடனே விலக்க வேண்டும். ராயல்டியில்லாத ஏழு வருஷம் என்ற தானத்தை ரத்து செய்ய வேண்டும்.

மூன்று: கடலடிப் புகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், தரையிலுள்ள புகைபோக்கிகளில் கந்தக வடிகட்டியைப் பொருத்த வேண்டும். எண்ணூர்ச் சாம்பலை அள்ள வேண்டும்.

நாலு: கடலில் எந்தத் துளை போடுவதானாலும், அந்தக் கடலில் வலை வீசுகிற மீனவர்களின் சம்மதமில்லாமல் போடக்கூடாது.

ஐந்து: சோதனைச் செலவையும் தோல்வியின் நஷ்டத்தையும் மின்கட்டணத்தில் ஏற்றக்கூடாது. நெசவாளரின் 300 யூனிட்டில் கை வைக்கக்கூடாது.

இவற்றில் எதுவும் நடக்காத காரியமல்ல. ஐந்தில் முதலாவதுதான் மிகச் சுலபம். ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். அதைச் செய்யவே மறுக்கிறார்கள் என்றால், கணக்கில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு மனுவிலும், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: எத்தனை யூனிட் உள்ளே போகிறது? எத்தனை யூனிட் வெளியே வருகிறது? வித்தியாசம் யார் பைக்குப் போகிறது?